குடும்ப வரலாற்று வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, நிர்வாக சபை அங்கத்தவர்களே, மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டின் பொதுக்கூட்டக் குறிப்பை வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே போட்டிருந்தேன். ஆட்சேபம் எதுவும் வரவில்லை. ஆகவே அது ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கொள்கிறோம்.

தைப்பொங்கல் ஒன்றுகூடல் வழக்கம்போல் நடந்தது. சிறுவர் பேச்சுப்போட்டி சித்திரையில் நடந்தது. பரிசளித்த அன்பருக்கு நன்றி. கோடைச் சுற்றுலா பேருந்துக்கு ஆள் சேராததால் கைவிடப்பட்டது. மறைந்த மூத்த உறுப்பினருக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது.

இனி இவ்வாண்டின் முதன்மைப் பணியான, இங்கிலாந்தின் நோர்த் குடும்ப வம்சாவளி வரைபடம். இது செயலாளரின் சொந்த விருப்பம் என்று தேநீர் மேசையில் பேசப்படுவதை அறிவேன். போதிய உறுப்பினர் இருந்த ஒரேயொரு கூட்டத்தில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் இது என்பதைக் குறிப்பேட்டைப் புரட்டுபவர்கள் காணலாம். “எங்கட கொப்பாட்டன்ர பேரே எங்களுக்குத் தெரியாது, இதுக்குள்ள வெள்ளைக்காரன்ர பரம்பரை ஏன்?” என்று கேட்ட அண்ணருக்கு அன்று நேரம் போதாமையால் பதில் சொல்ல முடியவில்லை. இன்று அவர் வரவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

தேடப் பழகுவதற்கு இங்கிலாந்தின் நிலமுடைய குடும்பங்களைப் போல் வசதியானவை வேறில்லை. 1538 முதல் ஆலயப் பதிவேடுகள் உண்டு. காணி பூமி இருந்ததால் மரணசாசனம் எழுதினார்கள். 1858 வரை வசதியானவர்களின் சாசனங்கள் பெரும்பாலும் கன்ரபரிப் பேராயரின் நீதிமன்றத்துக்குப் போயின. இன்று அவை லண்டனின் கியூ பகுதியில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1837 யூலை முதல் அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு. 1841 முதல் வீட்டில் இருந்தவர்களின் பெயரோடு குடிசன மதிப்பு. இவ்வளவும் கிடைத்தும் தடுக்கி விழ இடமுண்டு. 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25-இல். பதிவேட்டில் ‘1700 பெப்ரவரி’ என்றிருந்தால் நம் கணக்கில் அது 1701. சித்திரையில் வருடம் பிறக்கிற நமக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. வகுப்புக்கு வந்திருந்தால்.

ஏன் நோர்த் குடும்பம்? மன்னார்ப் பக்கத்தவர்களுக்கு அரிப்புக் கடலோரத்தில் இடிந்து நிற்கும் அல்லிராணிக் கோட்டை தெரியும். அல்லிராணிக்கும் அந்தக் கட்டடத்துக்கும் தொடர்பில்லை. 1798 முதல் 1805 வரை இலங்கையின் முதல் பிரித்தானியத் தேசாதிபதியாக இருந்த பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தங்குவதற்காகக் கட்டிய மாளிகை அது. அவருடைய தகப்பனும் பிரடெரிக் நோர்த்தான்; அமெரிக்கக் குடியேற்றங்களைப் பறிகொடுத்த பிரதமர். மூன்றாவதாக இன்னொரு பிரடெரிக் நோர்த், ஹேஸ்டிங்ஸ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், 1869-இல் இறந்தவர். நமது வட்டத்தில் ஒருவர் இந்த மூவரையும் ஒரே ஆளாக்கி, நூற்றுக்கு மேல் வயது கொடுத்து, வரைபடத்தில் ஏற்றிவிட்டார். பெயர் சொல்லவில்லை. மூவரின் வழிகளையும் பிரித்தெடுக்க வாரக்கணக்கில் ஆயிற்று.

பிரியும் இடம் இதுதான். 1677-இல் இறந்த நான்காம் நோர்த் பிரபு டட்லிக்குப் பல ஆண்மக்கள். பிரான்சிஸ் என்பவர் அரச முத்திரைக் காப்பாளராகி கில்போர்ட் பிரபுப் பட்டம் பெற்றார். பிரதமரும் தேசாதிபதியும் அந்தக் கிளை. கடைக்குட்டி ரொஜர் சட்டத்தரணி. 1688 புரட்சிக்குப் பிறகு புதிய அரசருக்குச் சத்தியம் செய்ய மறுத்து, தொழிலை விட்டு, நோர்போக்கில் ரஃபம் என்ற ஊரில் காணி வாங்கிக் குடியேறினார். ஹேஸ்டிங்ஸ் உறுப்பினர் இந்தக் கிளை.

ரொஜரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனமில்லை. லண்டனில் சட்டத்தரணிகள் சங்கமான மிடில் டெம்பிளின் வாசல் கட்டடம், 1684-இல் கட்டியது, அவர் வரைந்த வடிவம். இசையைப் பற்றி எழுதிக் குவித்தார், அண்ணன்மாரின் வரலாற்றை எழுதினார், இரண்டையும் தான் உயிரோடு இருக்கையில் அச்சேற்றவில்லை. அரசவை ஓவியர் பீட்டர் லீலி 1680-இல் இறந்தபோது சாசன நிறைவேற்றுநர் இவர். லீலி சேர்த்து வைத்திருந்த பழைய வரைதாள்களை ஏலத்துக்கு விடுமுன், ஒவ்வொன்றிலும் லீலியின் இரண்டு முதலெழுத்துகளைச் சிறிய முத்திரையாகக் குத்த வைத்தார். இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் ஒரு பழைய தாளின் மூலையில் அந்த முத்திரை இருந்தால், அது யார் யார் கைமாறி வந்தது என்று பின்தொடரலாம். வட்டத்தின் நூலகப் புத்தகங்களில் முத்திரை குத்த வேண்டும் என்று நான் மூன்று ஆண்டாகக் கேட்டுவருவதும் இதற்காகத்தான்.

வரைபடம் ஏன் அகலமாகிவிட்டது, அச்சுச் செலவு ஏன் கூடியது என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. பெண்வழியைச் சேர்க்க வேண்டாம், ஆண்வழி போதும் என்று நிர்வாக சபையில் இருவர் வாதாடினார்கள். நான் இணங்கவில்லை. ரஃபம் காணி ஹேஸ்டிங்ஸ் உறுப்பினரின் மகன் சார்ள்ஸுக்குப் போனது. ஆண்வழி மட்டும் போட்டால் அவர் பெயர் நடுவில் பெரிதாக வரும். அவருடைய தங்கை மரியான் பக்கத்தில் ‘மணமாகாதவர்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோவார்.

அந்த மரியான் நோர்த், 1830-இல் ஹேஸ்டிங்ஸில் பிறந்தவர். தகப்பன் இறந்த பிறகு, நாற்பது வயதில், சாயப்பெட்டியோடு உலகம் சுற்றக் கிளம்பினார். யமேக்கா, பிரேசில், யப்பான், போர்னியோ, யாவா, இலங்கை, இந்தியா. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெலைச் சந்தித்து, கோவில்களுக்கு உரிய மரஞ்செடிகளைப் பற்றி அவரோடு பின்னரும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். வரைந்ததையெல்லாம் கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொடுத்து, அவற்றைத் தொங்கவிடத் தன் செலவிலேயே ஒரு மண்டபமும் கட்டினார். 1882-இல் அது திறக்கப்பட்டது. இந்தியக் கட்டடக்கலையைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் பெர்கசன்தான் அதன் வரைஞர். உள்ளே போனால் சுவரே தெரியாது. 832 படங்கள், சட்டத்தோடு சட்டம் முட்டிக்கொண்டு, நாடு நாடாக. கீழே இடுப்பளவு உயரத்துக்கு அவர் சேகரித்த 246 மரப் பலகைகள். இலங்கைப் படங்களுக்கு முன்னால் நின்று, “இது எங்கட வளவு மாதிரியெல்லோ” என்று ஒரு அம்மா சொன்னதை நாம் அங்கே போன சனிக்கிழமை வந்தவர்கள் கேட்டார்கள். வந்தவர்கள் ஒரு வாகனத்தில் அடங்கினோம். நுழைவுச்சீட்டு விலை கூட என்றவர்களில் பலர் அதே சனிக்கிழமை பூப்புனித நீராட்டு விழா ஒன்றில் இருந்ததைப் படங்களில் கண்டேன். விழாவுக்குப் போவது தவறல்ல. வருவதாகக் கட்டைவிரல் காட்டியதுதான்.

கதையின் முடிச்சு களுத்துறையில் இருக்கிறது. இலங்கையின் ஆட்சிமுறையை மாற்றிய கோல்புறூக்-கமரன் சீர்திருத்தத்தை ஊரில் பாடமாக்காமல் பரீட்சை எழுதியவர் இங்கே எவருமில்லை. அந்தக் கமரனின் மனைவி யூலியா மாகரெட், கல்கத்தாவில் பிறந்தவர், நாற்பத்தெட்டு வயதில் படப்பிடிப்புப் பெட்டியைக் கையில் எடுத்துப் பேர் வாங்கியவர். கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875-இல் இருவரும் சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு இலங்கைக்கு வந்துவிட்டார்கள். 1877-இல் அவர்களுடைய களுத்துறை வீட்டுக்கு மரியான் விருந்தாளி. கமரன் அம்மா அவரைக் கம்பளித் துணியால் சுற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையில் குத்த நிற்கவைத்து, உச்சி வெயிலில், வெப்பமானி 96 பாகை பரனைட் காட்டும்போது, இயல்பாக நில்லுங்கள் என்றாராம். மரியானே எழுதிவைத்திருக்கிறார். அப்போது எடுத்த வேறொரு படத்தில், விறாந்தையில் மரியான் வரைந்துகொண்டிருக்க, பானையோடு ஒரு ஆள் நிற்கிறார். மரியானின் பாட்டன் முப்பாட்டன் எல்லாருக்கும் திகதி போட்டோம். பானைக்காரருக்கு ஒரு பெயர்கூட இல்லை.

அன்று படம் எடுத்த யூலியாவும் படத்துக்கு நின்ற மரியானும் உறவில்லை. மரியானின் தங்கை கேத்தரின் 1864-இல் எழுத்தாளர் ஜோன் அடிங்டன் சைமண்ட்ஸை மணந்தார். அவர்களுடைய மகள் மாட்ஜ், 1898-இல் வில்லியம் வோகன் என்ற ஆசிரியரை மணந்தார். இந்த வில்லியம் யார்? யூலியா கமரனின் தங்கை மரியாவின் மகள் அடலைன் பெற்ற பிள்ளை. அடலைனின் தங்கை இன்னொரு யூலியா; அவருடைய பெண்கள்தான் ஓவியர் வனெசா பெல்லும் எழுத்தாளர் வேர்ஜினியா வுல்ஃபும். அதாவது களுத்துறையில் விருந்து வைத்த வீடும் விருந்துண்ட வீடும் இருபத்தொரு ஆண்டுக்குப் பிறகு சம்பந்தம் செய்துகொண்டன. இரு பெண்மணிகளும் அதற்குள் காலமாகிவிட்டார்கள். இதைக் கண்டுபிடித்த இரவு குழுவில் போட்டேன். ஒரே ஒரு பதில் வந்தது. அது யாருக்கோ போகவேண்டிய பிறந்தநாள் வாழ்த்து.

மாட்ஜின் தங்கை, தாயின் பெயரையே கொண்ட கேத்தரின், சார்ள்ஸ் ஃபர்ஸ் என்ற ஓவியரை மணந்து நான்கு ஆண்டில் கைம்பெண் ஆனார். இரண்டு நாய்களோடு காற்றுவெளியில் அவர் நிற்கும் படம் கணவர் வரைந்தது, டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1917-இல் அரச கடற்படையின் பெண்கள் பிரிவுக்கு முதல் பணிப்பாளர் இவரே. மாட்ஜின் மகள் ஜனெட் வோகன் இரத்தவியல் மருத்துவர். வில்லியம் 1938-இல் தாஜ்மகால் பார்க்கப் போன இடத்தில் கால் முறிந்து ஆக்ராவில் இறந்தார். இது வரைபடத்துக்குத் தேவையில்லை, இருந்தாலும் சேர்த்திருக்கிறேன்.

மரியானின் தாய் ஹேஸ்டிங்ஸ் உறுப்பினரை மணந்தது அவருக்கு இரண்டாம் கலியாணம். முதல் கணவர் வழி மகள் ஜனெட், லங்காஷயரில் கோதோர்ப் மாளிகைக்கு வாரிசு. 1842-இல் அவரை மணந்த மருத்துவர் ஜேம்ஸ் கே, பெண்வீட்டுப் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். வீட்டோடு மாப்பிள்ளை நமக்கு மட்டும் சொந்தமல்ல. அவர்களின் பேத்தி ரேச்சல் சேர்த்த சித்திரத் தையலும் லேசும் இன்றும் அந்த மாளிகையில் காட்சிக்கு உண்டு. பெயர் மாறியதால் இந்தக் கிளை முதலில் நமக்குப் பிடிபடவேயில்லை. தாயின் பழைய கலியாணத்தைத் தேடியபோதுதான் அகப்பட்டது.

நிதி நிலைமை: வரவும் செலவும் ஏறத்தாழச் சமன். விபரம் பொருளாளரின் கையேட்டில் உண்டு. கூட்டம் முடிந்ததும் பார்வையிடலாம். வம்சாவளி இணையத்தளச் சந்தாவும் வரைபட அச்சும் மதிப்பிட்டதைவிடச் சற்றுக் கூடின. சிறு தொகை ஒன்று செயலாளரின் கைப்பணம். அதைத் திருப்பித் தரும்படி நான் கேட்கவில்லை. இங்கே பதிவு செய்கிறேன், அவ்வளவே. அங்கத்துவப் பணம் செலுத்தியோரின் பட்டியலை வாசலில் ஒட்டலாமா என்று சபையில் ஆலோசிக்கப்பட்டது. பட்டியல் மிகச் சிறியதாக இருக்கும் என்பதால் தலைவர் வேண்டாம் என்றார். தராதவர்களின் பட்டியலுக்குத் தாள் போதாது. இரண்டு ஆண்டு நிலுவை வைத்திருப்பவர்கள்தான் வரைபடத்தின் நிறத்தைப் பற்றி அதிகம் கருத்துச் சொன்னவர்கள் என்பதைப் பொருளாளர் கவனித்திருக்கிறார், நானும்.

மண்டபம் தந்த ஆலய நிர்வாகத்துக்கும், வரைபடத்தைக் கணினியில் ஏற்றித் தந்த தம்பிக்கும், சிற்றுண்டி தந்த குடும்பங்களுக்கும், கணக்குப் பரிசோதகருக்கும் வட்டத்தின் நன்றி. கூட்டங்களுக்குத் தவறாமல் வந்த இரு அம்மாமாருக்குத் தனியாக நன்றி. அவர்கள் இல்லாவிட்டால் நான் கதிரைகளோடு பேசியிருப்பேன்.

அடுத்த ஆண்டு நம்முடைய குடும்பங்களைத் தொடங்குவதென்று சபை தீர்மானித்துள்ளது. அந்த அண்ணரின் மனக்குறையும் தீரும். காணி உறுதி, சாதகக் குறிப்பு, கலியாண எழுத்து, தோட்டத்துப் பதிவுத் துண்டு, ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடான தோம்பில் பெயர் இருப்பதாகக் கேள்விப்பட்டவர்கள் அந்தத் தகவல், எதுவானாலும் பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள். மூலப் பத்திரத்தைத் தர வேண்டாம். இங்கே பூட்டுள்ள அலுமாரி இல்லை. அலுமாரி ஒன்று வாங்க எவ்வளவு தேவை என்பது பொருளாளருக்குத் தெரியும். தாய்வழிப் பெயர்களையும் எழுதிவாருங்கள். தாயின் தாய் எந்த ஊர் என்று தெரியாவிட்டால் ஊரில் கேட்பதற்கு ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், இந்த ஆண்டே தொலைபேசி எடுங்கள்.

செயலாளர் பதவிக்கு வேறு எவரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். வேட்புமனுப் படிவம் என்னிடம் உண்டு. இதுவரை எவரும் கேட்கவில்லை. எவரும் கேட்காவிட்டால், இணையத்தளச் சந்தா மாசியில் முடிகிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சந்தா உறைகள் வாசல் மேசையில் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

இங்ஙனம்,
செயலாளர்