பயோடேட்டாவில் எழுதாமல் விட்டது

ஆசிரியருக்கு வணக்கம்.

மன்னார்குடி அருகே நவீன அரிசி ஆலை நடத்துகிறேன். கணக்கு, தரப் பரிசோதனை வேலைகளுக்கு ஆள் எடுக்கத் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்குச் செல்வது வழக்கம். அங்கு வரும் பிள்ளைகளை நினைத்தே இதை எழுதுகிறேன்.

எல்லோர் கையிலும் ஒரே பயோடேட்டா. கம்ப்யூட்டர் சென்டரில் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்தது. "உனக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டால் தலைகுனிந்து நிற்கிறார்கள். சென்ற முகாமில் பி.காம். முடித்த பெண் ஒருவரிடம் சற்றுப் பேச்சுக் கொடுத்தேன். அப்பாவுக்காகச் சிட்டா, அடங்கல் என்ற நில, சாகுபடி ஆவணங்களை வாங்கி, நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஆன்லைனில் பதிவு செய்தது அவர்தான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியது என்று திருப்பி அனுப்பிய நெல்லை உலர்த்தி மீண்டும் கொண்டுபோய், மூட்டைக் கணக்கைச் சரிபார்த்து, பணம் வங்கியில் ஏறும்வரை விடாமல் கவனித்ததும் அவரே. என் ஆலைக்கு வேண்டிய ஆள் அவர்தான்! ஆனால் இதில் ஒரு வரிகூட அந்தத் தாளில் இல்லை. வீட்டுக்காகச் செய்த வேலையையும் தகுதியாக எழுதலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

2022-இல் வந்த 'நான் முதல்வன்' திட்டத்தால் கல்லூரிகளில் திறன் பயிற்சி சேர்ந்திருப்பதை மனதார வரவேற்கிறேன். அத்துடன், தன் அனுபவத்தைத் தானே ஒரு பக்கம் எழுதவும், ஐந்து நிமிடம் தமிழிலேயே தெளிவாகப் பேசவும் முதலாண்டிலிருந்தே பழக்க வேண்டும். இறுதியாண்டில் ஒருநாள் கருத்தரங்கு நடத்தி இதைக் கொண்டுவர முடியாது. உள்ளூர் ஆலைக்காரர்கள், வங்கி மேலாளர்கள், கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களை வைத்து மாதிரி நேர்காணல் நடத்தலாம். எந்தக் கல்லூரி அழைத்தாலும் நான் வருவேன்.

தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் என்று பக்கத்திலேயே எவ்வளவோ இருக்கின்றன. பட்டம் வாங்கியதும் திருப்பூருக்குப் பஸ் ஏறும் பிள்ளைகளிடம் கேட்டால், பலர் இவற்றின் வாசலைக்கூட மிதித்ததில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் போட்டித் தேர்வுகளுக்கு இலவசமாகப் பயிற்சி தருவதும் பலருக்குத் தெரியவில்லை. பேராசிரியர்கள் மாணவர்களை நேரில் அழைத்துச் சென்று காட்ட வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். முகாம் அறிவிப்பை முந்தைய நாள் வெளியிடுவதைவிட, எந்த நிறுவனம், என்ன வேலை, என்ன சம்பளம் என்ற விவரங்களைக் கேட்டு வாங்கி ஒரு வாரம் முன்பே வெளியிட்டால், பிள்ளைகள் தயாராகி வருவார்கள்.

அரிசி ஆலை உரிமையாளர்,
மன்னார்குடி