பெயர் தெரியாத ஒருவர் கட்டிய கட்டணம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பணம் கட்ட முடியாமல் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விடும் மாணவர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அப்படி விட இருந்தவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டாம் ஆண்டில் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்க்கத் தைரியமில்லாமல் பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போவேன். ஒரு நாள் கணக்குப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். பெயரை நீக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு ரசீதை நீட்டினார். 'செலுத்தப்பட்டது' என்ற முத்திரை ஈரமாகவே இருந்தது. நீல மை என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. வகுப்பாசிரியை என் நிலைமையைச் சொல்லியிருக்கிறார். பழைய மாணவர் ஒருவர் வைத்துவிட்டுப் போன நிதியிலிருந்து கட்டினார்களாம். யார் என்று கேட்டேன். பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

அப்புறம் படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, தம்பியைப் படிக்க வைத்தேன். எல்லாம் அந்த ரசீதில் தொடங்கியது.

1643-ல் லண்டனில் ஆன் ராட்கிளிஃப் என்ற கைம்பெண், கடல் கடந்து இருந்த ஹார்வர்டு கல்லூரிக்கு 100 பவுண்டு கொடுத்தார். முதல் அப்படியே இருக்க வேண்டும், அதில் வரும் வருமானத்தில் ஓர் ஏழை மாணவர் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1894-ல் அங்கே பெண்கள் கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பெயர் தெரிந்தோ தெரியாமலோ, இப்படிக் கொடுத்தவர்கள் தங்கள் பணத்தில் படித்த பிள்ளைகளில் பெரும்பாலோரைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது? அடுத்து வரும் பிள்ளைக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான். பத்து வருடமாக அதே நிதிக்கு என்னால் ஆனதை அனுப்பி வருகிறேன்.

உதவி செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை மேடையில் நிற்க வைத்துக் காசோலையோடு படம் எடுக்காதீர்கள். என்னை அப்படி நிற்கச் சொல்லியிருந்தால் படிப்பே வேண்டாம் என்று போயிருப்பேன். அந்த வயதில் மானம் பெரிது. இன்னொன்று, காலம். பல உதவித்தொகைகள் பருவம் முடிந்த பிறகுதான் கைக்கு வருகின்றன. அதற்குள் பிள்ளை வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கும், இல்லையென்றால் படிப்பை விட்டிருக்கும். முழுப் படிப்புக்கும் பணம் கொடுக்க எல்லாராலும் முடியாது, சரி. ஆனால் ஒரு தேர்வுக் கட்டணம், ஒரு மாத விடுதிக் கட்டணம் பலரால் முடியும்.

பிறர் உதவியில் படித்து வந்தவர்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். இந்த வாரமே படித்த கல்லூரிக்கு ஒரு போன் போட்டு, "கட்டணம் கட்ட முடியாமல் யாராவது நிற்கிறார்களா?" என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி