அப்பா தந்த ட்யூப்

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. மாமாங்கத் தீர்த்தத்துக்கு வந்தாறுமூலை மாமியவர்கள் வந்து இரண்டு நாள் நின்று போனார்கள். உன்னைத்தான் கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லையாம் என்றேன்.

மூன்று ஞாயிறாக வீடியோவில் உன் அறை ஃபேனைத்தான் பார்க்கிறோம். ஒரு இறக்கையின் நுனியில் துருப் பிடித்திருப்பதுகூட எனக்குப் பாடம். சிக்னல் சரியில்லை என்கிறாய். சரி.

சித்திரை வருடப்பிறப்புக்கு நீ வந்து போன பிறகு, அறையைக் கூட்டும்போது அம்மா ஒரு ட்யூப்பை எடுத்து என்னிடம் தந்தா. கத்தரிக்கோலால் நடுவில் வெட்டி, உள்ளே விரலால் வழித்தெடுத்த ட்யூப். அம்மாவுக்கு அது என்னவென்று தெரியாது. 31 வருடம் மருந்துக் கடையில் நின்றவனுக்குத் தெரியும். பீட்டாமெதசோன், ஸ்டீராய்ட் கிரீம்.

அதைப் பூசாதே மகள். இரண்டு நாளில் சிவப்பு வற்றும், உண்மைதான். விட்டதும் முன்னையைவிடக் கூடி வரும். பரு ஆறின இடத்தில் தெரிகிற சிவப்பு, தோலுக்குள் இருக்கிற சின்ன இரத்தக் குழாய்கள் விரிந்து நிற்பதால் வருவது. இந்த மருந்தை நாள்கணக்கில் பூசினால் தோல் மெலியும், அதே குழாய்கள் இன்னும் விரியும். எரிகிற அடுப்பில் தென்னமட்டையைத் தள்ளுகிற மாதிரி.

கண்ணாடிக் கிளாஸ் ஒன்றைக் கன்னத்தில் மெதுவாக அழுத்திப் பார். அழுத்தும்போது மறைந்தால் அது குழாய்ச் சிவப்பு. மறையாமல் மண்ணிறமாக நின்றால் அது கறை. நம்முடைய தோலில் இரண்டும் கலந்து வரும். இரண்டுமே தானாக மங்கக்கூடியவை, ஆனால் மாதக்கணக்கில் எடுக்கும், சிலருக்கு வருடமும் தாண்டும். புதுப் பரு வராமல் பார்ப்பதுதான் முதல் வேலை. நுள்ளாதே. அசெலாயிக் அமிலக் கிரீம், 15 அல்லது 20 வீதம், பருவுக்கும் சிவப்புக்கும் கறைக்கும் உதவும்; முதல் கிழமைகளில் கொஞ்சம் கடிக்கும். நியாசினமைட் கிரீம் அதைவிட மென்மை. வெயில் கிரீம் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், வீட்டை விட்டு இறங்க முன்னம். பெரியம்மா சொல்கிற தேசிக்காய்ப் புளி வேண்டவே வேண்டாம், அதோடு வெயிலில் போனால் தோல் வெந்துபோகும். பிடிவாதமான சிவப்புக்கு லேசர் இருக்கிறது. நம் நிறத்துத் தோலில் அது கறை விடவும் கூடும், ஆகவே தோல் வைத்தியர் பார்த்துச் சொன்னால் மட்டும். ட்யூப்பை நிறுத்தினதும் கொஞ்ச நாள் சிவப்புக் கூடும். பயந்து திரும்பப் பூசாதே.

எங்கள் குடும்பத்தில் கணக்காளராக வந்த முதல் பிள்ளை நீ. உன் பெறுபேறு வந்த அன்று கடையில் மருந்து வாங்க வந்த அத்தனை பேருக்கும் சொன்னேன். அவ்வளவு படித்த பிள்ளை, வைத்தியரின் மருந்துத் துண்டில்லாமல் ஒரு ட்யூப் வாங்கி முகத்தில் பூசலாமா?

இதை எழுதிவிட்டு அந்த வரியை வெட்டப் பார்த்தேன். வெட்டவில்லை, ஏனென்றால் கேட்க வேண்டியது என்னைத்தான். துண்டில்லாமல் உனக்கு முதலில் தந்தது யார்? கல்லடிப் புதுப் பாலம் திறந்த 2013ஆம் வருடம், அக்காவின் கலியாணம். உனக்குப் பதினைந்து. படத்தில் பிள்ளையின் முகம் தெரியப் போகுதே என்று மாமி சொன்னா. அன்று இரவு கடையால் வரும்போது என் சட்டைப் பையில் அது இருந்தது. கலியாண வீட்டில் எல்லோரும் உன்னை மெச்சினார்கள், எனக்குப் பெருமை. மறுகா சிவந்து வந்தது. இரண்டாவது தந்தேன். மூன்றாவதும் தந்தேன். ஊரார் பிள்ளைகள் கேட்டால் துண்டோடு வா என்று திருப்பி அனுப்புகிறவன் நான். முகத்துக்கு ஆகாது என்று தெரிந்துகொண்டே தந்தேன் மனே. ஆட்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்தவன் நான்தான், நீயில்லை. அந்தப் பயத்தை உன் கையில் ட்யூப்பாகத் தந்துவிட்டேன்.

தோல் வைத்தியரிடம் போ. காசு உன் கணக்கில் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் மருந்தின் பெயரும், நான் தந்த மாதங்களும், எத்தனை ட்யூப் என்பதும் எழுதியிருக்கிறேன். மிச்சத்தை, நீ வாங்கினதை, நீ எழுதிச் சேர்த்துக்கொள். தாளை அப்படியே வைத்தியரிடம் காட்டு. யார் தந்தது என்று கேட்டால், அப்பா என்று சொல்லு.

அப்பா