பழைய காருக்கு ஹேண்ட்பிரேக்கையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பழைய அம்பாசிடரைத் தேடி வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் நம்ம மதுரையில் நிறைய பேர் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன். பெயிண்ட், சீட் கவர், பம்பர் பாலிஷ் என்று கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோம். ஹேண்ட்பிரேக் என்று வந்தால் மட்டும் "கியரில் போட்டு நிறுத்திக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம்.

போன ஆடியில் பழமுதிர்சோலைக்குப் போகும்போது, ஏற்றத்தில் அம்மாவை இறக்கிவிடுவதற்காக இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு நான் முதலில் இறங்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது, அம்மா உள்ளே. பாய்ந்து ஏறிக் கால் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன், மாமா ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். வீட்டுக்கு வந்து அடியில் படுத்துப் பார்த்தால், பைக் கிளட்ச் வயரை ஹேண்ட்பிரேக்கின் பழைய கேபிளோடு ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டு விட்ட இடத்தில் கம்பி துரு ஏறித் துடைப்பம் மாதிரி விரிந்து கிடந்தது. புதுக் கேபிள் போட்டதாகத்தான் அந்த ஒர்க்‌ஷாப்பில் என்னிடம் காசு வாங்கினார்கள்.

கேபிள் மட்டும் புதுசானால் போதாது. அதைக் கோத்திருக்கிற பின் (இரும்பு ஊசி) தேய்ந்து ஓட்டை நீளமாகியிருந்தால் இழுப்பு பாதி அங்கேயே போய்விடும், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் விடுவித்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருந்து டிரம் சூடாகும். பின்சக்கர டிரம்முக்குள் அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூவை முதலில் அட்ஜஸ்ட் செய்துவிட்டு அப்புறம்தான் கேபிளை இறுக்க வேண்டும், பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புதுக் கேபிள் கொஞ்சம் இழுபடும், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது, சாமான் கிடைப்பது சிரமம், புரிகிறது. அதனால் உதிரிபாகக் கடைக்காரர்கள் கேபிள், பின், அது கழன்றுவிடாமல் மாட்டுகிற ஸ்பிளிட் பின், ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரே செட்டாக வைத்து விற்றால் பெரிய உதவி. வாங்குகிறவர்கள் பழைய கேபிளைக் கையோடு கொண்டுபோய் உள்கம்பி, மேலுறை இரண்டின் நீளத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். 15 வருஷம் தாண்டிய காரை 5 வருஷத்துக்கு ஒரு முறை பதிவு புதுப்பிக்கக் கொண்டுபோகிறோமே, அப்போது அதிகாரிகள் ஒரு சரிவில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருநகர், மதுரை