பல்கலைக்கழகப் பணியாளர் சங்கக் கிளை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2022–23

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நமது சங்கமான யூ.சி.யூ. (பல்கலைக்கழக, கல்லூரிப் பணியாளர் சங்கம்) வேலைநிறுத்தத்துக்கு ஒப்புதல் கேட்டு பிரிட்டன் முழுவதும் மூன்று முறை தபால் வாக்கெடுப்பு நடத்தியது. இரண்டு முறை தேறினோம், மூன்றாவதில் கோட்டைவிட்டோம். ஆண்டின் உழைப்பில் பெரும்பங்கு இதற்கே போனதால் அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

2022 அக்டோபர் 24 அன்று முதல் முடிவு வந்தது. சம்பளத் தகராறில் 57.8% பேர் வாக்களித்தனர், அவர்களில் 81.1% வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு. யூ.எஸ்.எஸ். எனும் பல்கலைக்கழகப் பணியாளர் ஓய்வூதியத் திட்டம் பற்றிய தகராறில் 60.2% பேர் வாக்களிக்க, ஆதரவு 84.9%. நவம்பர் 24, 25, 30 தேதிகளில் வேலைநிறுத்தம் நடந்தது. அன்றைய சட்டப்படி இந்த ஒப்புதல் ஆறு மாதம்தான் செல்லும். அதனால் மறுபடி வாக்கெடுப்பு. சம்பளத் தகராறில் 56.4% பேர் வாக்களித்ததாக 2023 ஏப்ரலில் முடிவு வந்தது. நவம்பரில் முடிந்த மூன்றாவதில் 42.59% மட்டுமே. வாக்களித்தவர்களில் 68.32% ஆதரித்தும் பயனில்லை.

ஊரில் பொதுக்குழுவில் கை தூக்கித் தீர்மானம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு விசித்திரமாகத் தோன்றும். 2016ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி அப்போது, வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேராவது வாக்களித்திருக்க வேண்டும். ஆயிரம் பேரில் 499 பேர் வாக்களித்து, அத்தனை பேரும் ஆதரித்தாலும் தோல்விதான். ஐந்நூறாவது ஆள் ‘வேண்டாம்’ என்று போட்டால் வெற்றி! ஆகவே, வேலைநிறுத்தத்தை எதிர்ப்பவருக்குச் சீட்டை அனுப்பாமல் இருப்பதே லாபம். வட அயர்லாந்துக்கு இந்த வரம்பு கிடையாது. மூன்று முறையும் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் சேர்த்தே எண்ணினார்கள். ஒரு கிளை 70% எட்டினாலும் மொத்தக் கணக்கு விழுந்தால் அதுவும் சேர்ந்தே விழும்.

இனி, 2022–23இல் இருந்த நடைமுறை. வாக்கெடுப்பு தொடங்க ஏழு நாள் முன்பு நிர்வாகத்துக்கு அறிவிப்பு போக வேண்டும். எந்தப் பணிப்பிரிவில் எத்தனை பேர், எந்த வளாகத்தில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும், அது எப்படிக் கிடைத்தது என்ற விளக்கமும் அதில் இருக்க வேண்டும். மூன்று நாள் முன்பு மாதிரி வாக்குச்சீட்டு. ஒப்புதல் கிடைத்த பின், வேலைநிறுத்தத்துக்கு அப்போது பதினான்கு நாள் முன்னறிவிப்பு. எண்ணிக்கையில் பிழை இருந்தால் நிர்வாகம் நீதிமன்றத்தில் தடை கேட்கும். நம் உறுப்பினர் பதிவேட்டில் பழைய பதவிப்பெயர் கிடப்பது இதனால்தான் ஆபத்து.

சீட்டு தபாலில்தான் வரும், தபாலில்தான் திரும்ப வேண்டும். இணையத்தில் வாக்களிக்க அப்போது சட்டம் இடம் தரவில்லை. அனுப்புவதும் எண்ணுவதும் சங்கத்துக்கு வெளியே உள்ள சுயேச்சையான கண்காணிப்பாளரின் பொறுப்பு. யார் வாக்களித்தார்கள் என்று அவர் நமக்குச் சொல்ல மாட்டார். ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கேட்டுப் பட்டியலில் குறிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ‘போட்டுவிட்டேன்’ என்றால் எதைப் போட்டார், தபால் பெட்டியிலா, பைக்குள்ளா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

உறை வீட்டு முகவரிக்குத்தான் வரும். தற்காலிக ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் பலர் கல்வியாண்டுத் தொடக்கத்தில் வீடு மாறுகிறார்கள். மூன்றில் இரண்டு வாக்கெடுப்புகள் செப்டம்பரில்தான் தொடங்கின. உறை பழைய வீட்டின் கதவுக்குப் பின்னால் கிடக்கும். மாற்றுச்சீட்டு கேட்கலாம், ஆனால் கடைசி வாரத்தில் கேட்டால் போய்வர நாள் போதாது. 2022இல் தபால் ஊழியர்களே வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அவர்கள் போராட்டம் நியாயமானது, நம் சீட்டு தாமதமானதும் உண்மை.

சீட்டில் கேள்விகள் இரண்டு: வேலைநிறுத்தம் ஒன்று, அதற்குக் குறைவான நடவடிக்கை (விடைத்தாள் திருத்த மறுப்பது போன்றது) இன்னொன்று. முதலாவதுக்கு மட்டும் குறியிட்டு நிறுத்திவிடுபவர்கள் உண்டு. ‘இது பணி ஒப்பந்தத்தை மீறியதாகலாம்’ என்ற வாசகம் நிர்வாகத்தின் மிரட்டல் அல்ல. சட்டமே அச்சிடச் சொல்கிறது.

மூன்றாவது வாக்கெடுப்பில் தோற்றதற்கு முகவரியை மட்டும் பழி சொல்வது சரியல்ல. 2023 ஏப்ரல் 20 முதல் செப்டம்பர் 6 வரை விடைத்தாள் திருத்தும் பணியைப் புறக்கணித்தோம். சில நிர்வாகங்கள் சம்பளத்தில் 50% பிடித்தன, சில 100%. பிடித்தம் வீட்டு வாடகையைத் தொட்டது. சம்பளத்தில் பெரிதாக எதுவும் நகராத நிலையில், புறக்கணிப்பு முடிந்து இரண்டே வாரத்தில் மறுபடி ஒப்புதல் கேட்டது அவசரம் என்பது என் கருத்து. ஓய்வூதியத்தில் கதை வேறு: 2022 ஏப்ரலில் வெட்டிய பலன்கள் 2024 ஏப்ரல் 1 முதல் திரும்பின.

அடுத்த வாக்கெடுப்புக்கு முன் செயற்குழு கேட்பது மூன்று. ஒவ்வொரு துறைக்கும் ஒரு பிரதிநிதி. ஆகஸ்டிலேயே முகவரி, பதவி, வளாகம் மூன்றையும் சரிபார்த்தல். உறை வந்த அன்றே தபால் பெட்டிக்கு நடப்பது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார்.

செயலாளர்