நாலாவது செமஸ்டரிலேயே சொல்லிவிடுங்கள்

காவிரிப் படுகைக் கலை அறிவியல் கல்லூரிகளின் அறிவியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். உங்களில் ஒருவர் எனக்குப் பாடம் நடத்தியவர். யார், எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. மன்னார்குடியில் நடந்தாலும் மயிலாடுதுறையில் நடந்தாலும் கதை ஒன்றுதான்.

பி.எஸ்ஸி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு, பிப்ரவரி முதல் வாரம். ரெக்கார்டு நோட்டில் விட்டுப்போன நாலு பக்கத்தைத் தோழியின் நோட்டிலிருந்து நகல் எடுக்க, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பையன் ஏதோ ஒரு ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்தான். என்ன பரீட்சை என்று கேட்டேன். "ஜாம். ஐ.ஐ.டி.ல எம்.எஸ்ஸி. சேர எழுதுறது. நீங்களும் பிசிக்ஸ்தானே, எழுதலையா?" என்றான். விண்ணப்பிக்கும் தேதி அக்டோபரிலேயே முடிந்துவிட்டது என்பதையும் அவன்தான் சொன்னான்.

மறுநாள் துறைத்தலைவரிடம் போய்க் கேட்டேன். அவர் நல்ல மனிதர். எனக்கு ஃபீஸ் கட்ட முடியாமல் போன ஒரு செமஸ்டரில் அலுவலகத்தில் பேசித் தவணை வாங்கிக் கொடுத்தவர். "அதெல்லாம் சிட்டிப் பிள்ளைங்க எழுதுறதும்மா. நீ பேசாம பி.எட். போட்டுடு, வாத்தியார் வேலைன்னா பொம்பளப் பிள்ளைக்குச் சரியா இருக்கும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த பாதை அதுதான். நானும் அன்றைக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன். அப்புறம் ஒரு வருடம் ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டே படித்து, அடுத்த பிப்ரவரியில் எழுதினேன். இப்போது பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. அந்த ஒரு வருடத்தைப் பெரிய தியாகமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் என் வகுப்பில் என்னைவிட நன்றாகப் படித்த இரண்டு பேருக்கு அப்படி ஒரு வருடம் கிடைக்கவில்லை. அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்தத் தகவலையெல்லாம் மூன்றாம் ஆண்டுக் கடைசியில் அல்ல, நாலாவது செமஸ்டரிலேயே, வகுப்பில் நின்று, வாயால் சொல்லுங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது போதாது. அந்தப் போர்டில் போன வருடத்து விளையாட்டு விழா அறிவிப்பே இன்னும் கிழியாமல் இருக்கிறது.

ஏன் நாலாவது செமஸ்டர் என்றால், காலண்டர் அப்படி. ஜாம் தேர்வுக்குச் செப்டம்பரில் விண்ணப்பம் திறந்து அக்டோபரில் மூடிவிடும், தேர்வு பிப்ரவரியில். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் முதுநிலைத் தேர்வு பெரும்பாலும் மார்ச்சில். அதாவது ஐந்தாவது செமஸ்டர் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பிள்ளை முடிவெடுத்துப் பணமும் கட்டியாக வேண்டும். அந்தச் செப்டம்பர், அக்டோபர் நம் ஊரில் என்ன மாதம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்பா நடவு. வீட்டில் இருக்கிற காசெல்லாம் ஆள்கூலிக்கும் உரத்துக்கும் போய்க்கொண்டிருக்கும். அப்போது திடீரென்று ஒரு பரீட்சைக்குப் பணம் கேட்டால் அப்பாவுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆறு மாதம் முன்னாலேயே தெரிந்தால் பிள்ளையே சிறுகச் சிறுகச் சேர்த்துவிடும். பெண்களுக்கும் பட்டியலினப் பிள்ளைகளுக்கும் ஜாம் கட்டணத்தில் சலுகை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இன்னொரு காரணம், பரீட்சையின் தன்மை. நமக்குப் பழக்கமானது "கேரி ஃபாஸ்டர் பாலத்தைப் படத்துடன் விவரி, பத்து மதிப்பெண்". ஜாமில் மூன்று மணி நேரம், அறுபது கேள்வி, நூறு மதிப்பெண். விவரிக்கச் சொல்லி ஒரு கேள்விகூட இருக்காது. சிலவற்றில் நாலு விடைகளில் ஒன்றுக்கு மேல் சரியாக இருக்கும், சிலவற்றில் விடையே கொடுத்திருக்க மாட்டார்கள். கணக்குப் போட்டு எண்ணை நாமே தட்ட வேண்டும். முதல் தடவை பழைய கேள்வித்தாளைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாடம் எல்லாம் நாம் படித்ததுதான். முறுக்கு ஊசல் இருக்கிறது, நியூட்டன் வளையம் இருக்கிறது. ஆனால் நாம் படித்த மாதிரி இல்லை. இந்தப் பழக்கம் நாலு மாதத்தில் வராது.

இனி எங்கெங்கே போகலாம் என்பது. ஐ.ஐ.டி. எம்.எஸ்ஸி. ஒன்று மட்டும் இல்லை. அதே ஜாம் மதிப்பெண்ணை வைத்து என்.ஐ.டி.களில் சேரலாம், திருச்சியிலேயே ஒன்று இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஒருங்கிணைந்த பி.எச்.டி. என்று ஒன்று உண்டு. பி.எஸ்ஸி. முடித்த கையோடு சேர்ந்தால் எம்.எஸ்ஸி.யும் முனைவர் பட்டமும் ஒரே ஓட்டத்தில், மாதாமாதம் உதவித்தொகையோடு. இது நம் பிள்ளைகளுக்கு முக்கியம். நாலு வருட இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நேராகப் பி.எச்.டி. சேரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் விதி கொண்டுவந்தது. நம் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. மூன்று வருடம்தான், ஆகவே அந்தக் கதவு நமக்கு இல்லை. ஒருங்கிணைந்த பி.எச்.டி.யின் கதவு திறந்திருக்கிறது.

தாவரவியல், விலங்கியல் துறைக்காரர்கள் "ஜாமில் எங்கள் பாடமே இல்லையே" என்பார்கள். பெயரளவில் இல்லைதான். உயிர்த்தொழில்நுட்பத் தாள் இருக்கிறது, அதை இவர்களும் எழுதலாம். பின்னால் வரும், ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்விலும் தாவரவியல் தனி, விலங்கியல் தனி என்று கிடையாது, உயிர் அறிவியல் என்று ஒரே தாள். நாம்தான் இரண்டு துறைக்கும் நடுவில் சுவர் எழுப்பி, தனித்தனி ஸ்டாஃப் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, உயிரியல் படிக்க மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தார். 2009-ல் நோபல் கிடைத்தது வேதியியலுக்கு. (குழந்தையிலேயே பரோடா போய்விட்டவரை நம்ம ஊர்க்காரர் என்று ஃபிளெக்ஸ் வைப்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. துறை தாண்டிப் போகலாம் என்பதற்கு மட்டும் சொல்கிறேன்.)

தூரம் அனுப்ப மாட்டோம் என்கிற வீடுகளுக்கும் வழி இருக்கிறது. திருவாரூர் பக்கத்தில் நீலக்குடியில் 2009-லிருந்து மத்தியப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. திருவாரூர்ப் பிள்ளைகளிலேயே பலர் அதை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. அங்கே எம்.எஸ்ஸி. சேர க்யூட் எழுத வேண்டும் என்பது தெரியாது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. வேதாரண்யத்திலும் நாகப்பட்டினத்திலும் கடலைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு, கடலைப் படிக்க ஒரு எம்.எஸ்ஸி. இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. தஞ்சாவூரில், நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி இன்றைக்குத் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கும் இடம் இருக்கிறது.

நெல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவோடு கொள்முதல் நிலையத்துக்குப் போவேன். அங்கே ஈரப்பதம் பார்க்கும் கருவியில் ஒரு கை நெல்லைப் போட்டால் எண் வரும். பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால் சிப்பம் பிடிப்பார்கள், தாண்டினால் மறுபடி காயப்போடு. ஒரு நாள் 18.4 காட்டியது. "காலையில பதினாறு சொச்சம்தானே இருந்துச்சு" என்று அப்பா வாதாடினார். அதே நெல், அதே கருவி. இரண்டு நாள் ரோட்டில் காயவைத்துக் காவல் கிடந்தோம். அந்தக் கருவிகளில் பல, நெல்லின் மின்காப்புத் தன்மையை (மின்தேக்கியின் தகடுகளுக்கு நடுவில் வைத்தால் எவ்வளவு மின்னூட்டம் தேங்க விடுகிறது என்பதை) அளந்துதான் ஈரத்தைக் கணக்கிடுகின்றன. தண்ணீரின் மின்காப்பு மாறிலி கிட்டத்தட்ட 80, காய்ந்த தானியத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. கொஞ்சம் ஈரம் கூடினாலும் அளவு ஏறிவிடும். நெல்லின் சூடு மாறினாலும் அளவு மாறும், அதற்குத் தனியாகத் திருத்தம் செய்ய வேண்டும். மின்தேக்கி, மின்காப்பு எல்லாம் வகுப்பில் படித்து எண்பது மார்க் வாங்கியவள்தான் நான். கொள்முதல் நிலையத்தில் நின்றபோது இரண்டையும் முடிச்சுப்போட எனக்குத் தோன்றவில்லை, யாரும் காட்டவும் இல்லை.

பி.எச்.டி. நேர்காணலில், நீங்கள் நேரில் பார்த்த ஒரு அளவியல் கருவியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். இதைச் சொன்னேன். மீதி நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் கேட்டார்கள். நம் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. கிணற்றில் உப்பு ஏறுவது, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, கஜா புயலுக்குப் பிறகு தோப்பு மண் மாறியது. அதெல்லாம் ஆராய்ச்சிக் கேள்வி என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அடுத்தது பணம். நான் பி.எச்.டி. என்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி "எவ்வளவு கட்டணும்?" ஊரில் எல்லா அப்பாவும் இதையேதான் கேட்பார்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. "படிக்கிறதுக்குச் சம்பளமா?" என்று அம்மா இன்னும் நம்பாமல்தான் இருக்கிறார். பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் இதை ஒரு தடவை சொன்னால், நாங்கள் வீட்டில் பத்துத் தடவை சண்டை போட வேண்டியிருக்காது. இளநிலை முடிகிறவரை தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பட்டத்தோடு அது நின்றுவிடும். அந்த இடத்தில்தான் நிறையப் பெண்கள் நின்றுவிடுகிறார்கள். எம்.எஸ்ஸி.யின் இரண்டு வருடம்தான் கஷ்டமான பாலம். அதற்கு என்ன உதவித்தொகை இருக்கிறது என்று தேடித்தருவது உங்கள் அலுவலகத்துக்குப் பெரிய வேலை இல்லை.

சர்க்கரை தடவிச் சொல்லவும் வேண்டாம். உதவித்தொகை சில சமயம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். ஜே.ஆர்.எஃப். இல்லாமல் பி.எச்.டி. சேர்ந்துவிட்டுக் கைக்காசைப் போட்டுத் திண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு வருடம் வரை இழுக்கலாம், முடித்ததும் வேலை காத்திருக்காது. பி.எட். போகிறவர்களும் தப்பான இடத்துக்குப் போகவில்லை, எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சர் அப்படி வந்தவர்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தேர்ந்தெடுப்பதைப் பிள்ளையிடம் விடுங்கள்.

சில சில்லறை விஷயங்கள். போனஃபைடு சான்றிதழுக்கு மூன்று நாள் அலையவிடாதீர்கள். பரிந்துரைக் கடிதம் கேட்டால் "நீயே டைப் பண்ணிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லாதீர்கள். நாங்கள் எங்களைப் பற்றி எழுதினால் ‘கடின உழைப்பாளி, ஒழுக்கமானவள்’ என்பதைத் தாண்டி எதுவும் வராது. ஆய்வகத்தில் நான் எதைத் தப்பாகச் செய்து எப்படித் திருத்தினேன் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஒரு ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருந்து வந்தால், இது தனக்கு ஒத்துவருமா வராதா என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

பொங்கலுக்கு வருடாவருடம் ஊருக்கு வருகிறேன். விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கிற அன்றும் அடுத்த நாளும் இருப்பேன். எனக்குப் பயணப்படி வேண்டாம், பொன்னாடை வேண்டாம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள், ஒரு கரும்பலகை, ஒரு மணி நேரம் போதும். மதியத்துக்கு மேல் வைக்காதீர்கள், மினி பஸ் பிள்ளைகள் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி