மூன்றாம் சக்கரத்தை ஓட வைத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். புதுப்பித்த எங்கள் பழைய புல்லட், பக்கத்தில் ஒருவர் உட்காரும் சைட்காரோடு சென்ற மாதம் பழங்காநத்தத்திலிருந்து திருப்பரங்குன்றம் வரை போய்த் திரும்பியது. வழி நெடுக ஒரே கேள்வி: "யார் சார் செய்து கொடுத்தது? சென்னையா, கோயம்புத்தூரா?" சிக்னலில் பச்சை விழுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிப்பதையே தொழிலாகக் கொண்டவர் ஒருவர்கூட இந்த வேலையில் இல்லை. ரப்பர் வார்ப்பவர், பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுபவர், ரிக்‌ஷா கூரை தைப்பவர், வீடு கட்டும் கொத்தனார் ஆகியோர்தான் செய்தார்கள். நேரில் நன்றி சொன்னால் "அதெல்லாம் எதற்கு?" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். ஆகவே ஊரறிய எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி சோழவந்தான் பக்கத்துத் தோப்புக்கார ஐயாவுக்கு. வண்டி 1969-இல் திருவொற்றியூர் ஆலையில் செய்த 350 சி.சி. புல்லட். அவருடைய தகப்பனார் வெற்றிலைக் கட்டுகளை மதுரைக்கு ஏற்றிவர வாங்கியது. நான் பார்த்தபோது கிணற்றடி மோட்டார் அறையில், தென்னை மட்டைகளுக்கு அடியில் கிடந்தது. ஹெட்லைட் கிண்ணத்துக்குள் குளவிக்கூடு. சைட்கார் எங்கே என்று கேட்டேன். தொழுவத்துக்கு அழைத்துப் போனார். சட்டத்தையும் சக்கரத்தையும் தனியே கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, உடலை மட்டும் தன் ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பருத்திக்கொட்டை வைக்கும் தொட்டியாக ஆக்கியிருந்தார். வண்டிக்கு விலை சீக்கிரம் படிந்தது. தொட்டிக்குத்தான் படியவில்லை. சிமெண்டுத் தொட்டி ஒன்று வாங்கி இறக்கினேன். காளை அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழைய தொட்டியில் ஒட்டியிருந்த தவிட்டைச் சுரண்டிப் புதியதில் பூசிய பிறகுதான் வாய் வைத்தது. அதுவரை பொறுமையாக இருந்ததோடு, பழைய ஆர்.சி. புத்தகத்தைப் பரணிலிருந்து தேடி எடுத்தும் கொடுத்தார் ஐயா. அந்தப் புத்தகம் இல்லையென்றால் மற்ற எல்லா வேலையும் வீண்.

அடுத்தது, திருநகரில் இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் பணிமனை மெக்கானிக். 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் நிறுவனத்தோடு கைகோத்துச் சென்னையில் தொடங்கியது புல்லட்டைச் செய்த என்ஃபீல்ட் இந்தியா. ரெட்டிச்சிலிருந்து வந்த வரைபடங்களோடு அங்குலக் கணக்கு மரைகளும் வந்துசேர்ந்தன. இன்றைய மில்லிமீட்டர் ஸ்பேனரை அந்த நட்டுகளில் போட்டால் மூலை மழுங்கும், கை முட்டியும் பெயரும். அவர் தன் பழைய விட்வொர்த் (அங்குல அளவு) ஸ்பேனர்களைத் துணிச்சுருளோடு அப்படியே தூக்கிக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை: சுத்தியல் கண்ணில் படக் கூடாது. துருப்பிடித்த நட்டைச் சூடேற்று, எண்ணெய் விடு, காத்திரு, மறுபடி சூடேற்று. இவ்வளவுதான் அவருடைய சாஸ்திரம். சின்னத் திருகுகளுக்கு என் மனைவி வேறு வழி கண்டாள். பழைய புளியைக் கெட்டியாகக் கரைத்து, உப்புப் போட்டு, இரவெல்லாம் ஊற வைத்தாள். புளியின் அமிலம் துருவைத் தின்றுவிடுகிறது. காலையில் சோடா உப்புத் தண்ணீரில் அலசித் துடைத்தால் இரும்பு சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருக்கும். அடுத்த வீட்டு அத்தாச்சி இதற்காகத் தன் வீட்டுப் பழம்புளியை எல்லாம் கொடுத்தார்.

ரப்பர் வேலைக்கு மதுரை பெயர் பெற்ற ஊர் என்பது தெரிந்ததே. கப்பலூர்ப் பக்கம் சிறிய பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் சைட்கார் சட்டத்தின் அதிர்ச்சி தாங்கும் பழைய ரப்பர் புஷ் ஒன்றைக் கொண்டுபோனேன். பாதி கல்லாகியிருந்தது, பாதி பொடியாகிக்கொண்டிருந்தது. உட்பக்கத்தில் கெடாத ஓரிடத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். எத்தனை பேர் உட்காருவார்கள், எந்தத் திசையிலிருந்து அடி விழும் என்று கேட்டார். "ரப்பரின் கெட்டித்தன்மை ஷோர் 65 போதும். அதற்கு மேல் போனால் அதிர்ச்சி எல்லாம் உங்கள் முதுகுக்கு வரும்" என்றார். உள்ளே வரும் இரும்புக் குழாயில் ரப்பர் ஒட்டுவதற்குத் தனிப் பசை பூசி, அச்சில் வைத்து, ஏறத்தாழ 150 டிகிரியில் அழுத்தி வேக வைத்தார். வேண்டியது நான்கு, பன்னிரண்டு செய்து கொடுத்தார். "அச்சு செய்வதுதான் செலவு, ரப்பர் அல்ல" என்றார். அச்சுக்கும் காசு வாங்கவில்லை.

கோரிப்பாளையத்து லேத் பாய், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுத்த மோட்டார் காயில் தம்பி, உள்ளே வழவழப்பு ஏறிய சிலிண்டரை கடைந்து ரீபோர் செய்தவர், ஸ்போக்ஸ் கம்பி கோத்துக் கோட்டம் எடுத்த சைக்கிள் கடைப் பெரியவர் எல்லோருக்கும் சேர்த்து இங்கே ஒரு கும்பிடு. ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதினால் மடல் மகாபாரதமாகிவிடும்.

கொத்தனாரைப் பற்றி மட்டும் எழுதியே ஆக வேண்டும். சைட்காரை வண்டியோடு முடுக்குவதோடு வேலை முடிவதில்லை. அதன் சக்கரம் வண்டிக்கு நேர் இணையாக இருக்கக் கூடாது. முன்பக்கம் முக்கால் அங்குலம் அளவுக்கு உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். வண்டி சைட்காரை விட்டு எதிர்ப்பக்கம் இம்மியளவு சாய்ந்திருக்க வேண்டும். சைட்கார் சக்கரத்தின் இருசு, பின்சக்கர இருசைவிடச் சில அங்குலம் முன்னே இருக்க வேண்டும். இந்தக் கணக்கு பிசகினால் வண்டி ஓயாமல் ஒரு பக்கமாக இழுக்கும், டயர் தேயும், தோள்பட்டை போய்விடும். நானும் மைத்துனரும் இரண்டு மரச்சட்டங்களோடு வாசலில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு மாடி வேலையை முடித்துக் கீழே இறங்கிய கொத்தனார் நின்று பார்த்தார். "தரை மட்டமா என்று பார்த்தீர்களா சார்?" என்றார். ரசமட்டத்தை வைத்தார். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வாசல் நன்றாகவே சாய்ந்திருந்தது. "தரையே சாய்ந்திருக்கும்போது வண்டியின் சாய்வை எதை வைத்து அளப்பீர்கள்?"

வண்டியைத் தள்ளிக்கொண்டு அத்தாச்சி வீட்டுக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனோம். பூச்சு வேலைக்கு வைத்திருந்த அலுமினிய மட்டக்கோல்கள் இரண்டைச் செங்கல் மேல் ஏற்றி, ஒன்றைப் புல்லட்டின் இரு டயர்களையும் தொடும்படியும், மற்றொன்றைச் சைட்கார் டயரைத் தொடும்படியும் வைத்தார். முன்னும் பின்னும் டேப் பிடித்து வித்தியாசத்தைச் சொன்னார். ஹேண்டில்பாரின் நடுவிலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, நூல் ஆடாமல் நிற்கும்வரை எங்களை மூச்சுகூட விடவிடவில்லை. தாங்குகம்பியின் திருகை அரைச் சுற்று முடுக்கு, பார், கால் சுற்று தளர்த்து, பார். விளக்கு வைக்கிற நேரம் தாண்டியது. கூலி என்று எடுத்ததும் முகம் மாறிவிட்டது. காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு வைத்த அளவு இன்றுவரை மாறவில்லை.

மழைக்கூரையைத் தைத்தவர் மகால் பக்கம் சைக்கிள் ரிக்‌ஷாக்களுக்குத் தைத்துக்கொண்டிருந்தவர். மடக்கு வளையங்களைப் பார்த்ததும், "இது நம் ரிக்‌ஷாவேதான், கொஞ்சம் குள்ளம்" என்றார். டேங்கில் தங்கக் கோடு இழுத்தவர், பிளெக்ஸ் பேனர் வந்த பிறகு கடைப் பலகை எழுதும் வேலை குறைந்துபோன ஓவியர். ஸ்டிக்கர் ஒட்டினால் அரை மணி வேலைதான், எனக்கு அதில் விருப்பமில்லை. திருவொற்றியூரில் அந்தக் கோடுகளைக் கையால்தான் இழுத்தார்கள், நம் ஊரிலும் கை இருக்கிறது. இடப்பக்கக் கோடு வலப்பக்கத்தைவிட மயிரிழை தடிமன். அதை அப்படியே விடும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன்.

பதிவு விவகாரத்தில் வழிகாட்டியவர், போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற உறவுக்காரர். 50 ஆண்டு தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 'வி.ஏ.' எழுத்தோடு எண், பத்தாண்டுச் செல்லுபடி. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுதல் போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். பூ வாங்கப் போகக் கூடாத வண்டி எனக்கு எதற்கு? பழைய பதிவையே புதுப்பிக்கும் வழியை அவர் சொன்னார். ஆர்.சி.யில் சைட்கார் இணைப்பு ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்ததால் சிக்கல் இல்லை.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் முன்னாள் ராணுவ ஹவில்தார் ஒருவர். ஆக்சிலேட்டரைத் திருகினால் இடப்பக்கம் இழுக்கும், பிரேக் போட்டால் வலப்பக்கம் ஓடும், காலி சைட்காரோடு இடப்பக்கம் வேகமாகத் திரும்பினால் மூன்றாம் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். மணல் மூட்டையைச் சைட்காரில் உட்கார வைத்து, வெறும் திடலில் எட்டுப் போட வைத்தார். பிறகு மூட்டையை இறக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார். அந்தத் துணிச்சலுக்கு ஒரு தனி வணக்கம்.

மொய் வாங்கியவன் திருப்பிச் செய்யக் கடமைப்பட்டவன். உங்களில் யார் வீட்டிலாவது திருமணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி வரும். பெட்ரோலும் ஓட்டுநரும் என் பொறுப்பு.

இன்னொன்று. கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றிய விட்வொர்த் ஸ்பேனர் ஒன்று என் கருவிப் பெட்டியில் தங்கிவிட்டது. திருநகர் மெக்கானிக் தன்னுடையது இல்லை என்கிறார், லேத் பாயும் இல்லை என்கிறார். உடையவர் வந்து வாங்கிக்கொள்ளவும். ஞாயிறு காலையில் வந்தால் சைட்காரில் ஒரு சுற்றும் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் அத்தாச்சிக்கு; அவர் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டார்.

இப்படிக்கு,
புல்லட்டுக்காரன்,
பழங்காநத்தம், மதுரை.